மெஜஸ்டிக் இருக்கிறது, மெஜஸ்டிக் டாக்கீஸ் எங்கே?

பெங்களூருக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழர் யாராக இருந்தாலும், ரயிலைவிட்டு இறங்கியதும் அவர் காதில் விழும் முதல் சொல் "மெஜஸ்டிக்" என்பதுதான். பஸ்ஸில் எழுதியிருப்பது கெம்பேகௌடா பஸ் நிலையம். கண்டக்டர் கூவுவது மெஜஸ்டிக். டிக்கெட் கேட்பவரும் மெஜஸ்டிக் என்றே கேட்கிறார்.

சென்ற மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் ஒருவனை அழைத்துவர பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். ஒயிட்பீல்டு பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை கிடைத்து வந்தவன். நடந்துகொண்டே கேட்டான்:

"மெஜஸ்டிக்குன்னா என்ன மாமா? ஏதாவது ராஜா பேரா?"

"ராஜாவும் இல்லே, மந்திரியும் இல்லே. சினிமாக் கொட்டகை."

"எங்கே இருக்கு?"

எங்கே என்று காட்டுவது? கெம்பேகௌடா ரோடில் இருந்த அந்தக் கொட்டகை இப்போது இல்லை. பஸ் நிலையம் இருக்கும் இடமாவது தர்மாம்புதி ஏரியாக இருந்தது என்று சரித்திரம் சொல்லலாம். கொட்டகைக்கு அந்தச் சரித்திரம்கூட இல்லை. பெயரை ஊருக்குக் கொடுத்துவிட்டு அது போய்விட்டது.

ஒரு ரோடு முழுக்கக் கொட்டகை

நான் 1972ல், பத்தொன்பது வயதில், பெங்களூர் வந்தேன். சிக்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலை. ஸ்ரீராமபுரத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு அறை. வாரம் ஆறு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாப்பிட்டுவிட்டு நடையாகவே கிளம்பினால் போய்ச் சேரும் இடம் கெம்பேகௌடா ரோடு.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்த ரோடு எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஸ்டேட்ஸ், கெம்பேகௌடா, ஹிமாலயா, மெஜஸ்டிக், சாகர், கீதா, அலங்கார், திரிபுவன், கைலாஷ், மேனகா, அபினய், அனுபமா! ஒரே வளாகத்தில் சந்தோஷ், நர்த்தகி, சப்னா மூன்று. பக்கத்துத் தெருவான சுபேதார் சத்திரம் ரோடில், 1968ல் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்த கபாலி. அதன் திரையைப் பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து வந்தவர்கள் உண்டு. ஒரு கொட்டகையில் டிக்கெட் இல்லையென்றால் அடுத்தது. அங்கும் இல்லையென்றால் எதிர்ப்பக்கம். படம் பார்க்காமல் திரும்பி வருவது என்பது கிடையாது. என்ன படம் என்பதுதான் நம் கையில் இல்லை!

பட்டம் ஏறிய கட்-அவுட்டுகள், பூமாலை, க்யூவில் போலீஸ்காரர் தடியைத் தட்டும் சத்தம். க்யூவுக்கு வெளியே, வாயை அசைக்காமல் "பத்துக்கு இருபது, பத்துக்கு இருபது" என்று முணுமுணுத்தபடி நடக்கும் ஆசாமிகள். பெண்கள் கவுண்டரில் கூட்டம் குறைவாக இருக்கும். அங்கே நிற்கும் தமிழ் முகமாகப் பார்த்து, "அக்கா, ரெண்டு டிக்கெட் சேர்த்து எடுத்துத் தருவீங்களா?" என்று கெஞ்சுவது எங்கள் வழக்கம். பாதி அக்காக்கள் எடுத்துத் தருவார்கள். மீதிப் பேர், "எந்த ஊருப்பா நீ?" என்று கேட்டுவிட்டு எடுத்துத் தருவார்கள்.

முன் வரிசைக்கு இங்கே காந்தி கிளாஸ் என்று பெயர். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது, பொருத்தமான பெயர். ஜாதி பேதம் இல்லாமல் எல்லோரும் கழுத்தை அண்ணாந்து பார்க்கும் வகுப்பு. கையில் வேர்க்கடலைப் பொட்டலம். இடைவேளையில் கோலி சோடா. மாதத்தின் முதல் ஞாயிறானால் படம் விட்டதும் ஓட்டலில் ஒரு காராபாத், ஒரு கேசரிபாத்.

தண்டு வேறு, பேட்டை வேறு

பெங்களூர் சினிமாவுக்கு இரண்டு முகங்கள் இருந்தன என்பதையும் சொல்லவேண்டும். 1809ல் ஆங்கிலேயர் தண்டு அமைத்தபோது, பட்டாளத்தின் பின்னாலேயே ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்களும் வந்து அல்சூரிலும் இன்றைய சிவாஜி நகரிலும் குடியேறினார்கள். 1949 வரை தண்டும் பழைய நகரமும் தனித்தனி நிர்வாகம். அந்தப் பிரிவு கொட்டகைகளிலும் இருந்தது. தண்டுப் பக்கம் பிளாசா, ரெக்ஸ், பி.ஆர்.வி. என்று இங்கிலீஷ் படங்கள். நகரத்துப் பக்கம் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி.

முதல் கன்னடப் பேசும்படமான 'சதி சுலோசனா' 1934ல் சிட்டி மார்க்கெட் அருகே இருந்த பாரமவுண்டில்தான் வெளியானது. தண்டுத் தமிழர்களுக்கோ சிவாஜி நகரின் எல்ஜின் டாக்கீஸ் குலதெய்வம் மாதிரி. தாத்தா ஊமைப்படம் பார்த்த கொட்டகையில் பேரன் எம்.ஜி.ஆர். படம் பார்த்தான்.

இங்கிலீஷ் படத்துக்குப் போகும் தைரியம் எனக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தது. பிளாசாவுக்கு இஸ்திரி போட்ட சட்டையுடன் போனேன். ஒரு வசனமும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் சிரித்தபோது நானும் சிரித்தேன்.

கன்னடம் கற்றுக்கொண்ட இடம்

தமிழ்ப்படம் பார்த்ததை மட்டும் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. நான் கன்னடம் கற்றுக்கொண்டது கொட்டகையில்தான். வந்த வருஷம்தான் ராஜ்குமாரின் 'பங்காரத மனுஷ்ய' வெளியாகி, ஸ்டேட்ஸ் கொட்டகையில் இரண்டு வருஷம் ஓடியது. முதல் தடவை, வேறு டிக்கெட் கிடைக்காமல் போனேன். இரண்டாவது தடவை, கிராமத்தில் இருந்த அம்மாவின் நினைவு வந்து போனேன். கிராமத்துக்குத் திரும்பி, தரிசு நிலத்தைத் திருத்தி, குடும்பத்தைத் தூக்கி நிறுத்தி, கடைசியில் பழி சுமந்து வீட்டைவிட்டுப் போகும் ஒருவனின் கதை. ஊரில் அரை ஏக்கரை ஈடு வைத்துவிட்டுக் கணக்கு எழுத வந்தவனுக்கு அதைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஐந்தாவது தடவை பார்க்கும்போது வசனம் முழுக்க மனப்பாடம். மறுநாள் கடையில், பாக்கி கேட்டு வந்த தார்வாட்காரரிடம் ராஜ்குமார் பாணியில் நான் கன்னடம் பேசியதைக் கேட்டு முதலாளி கல்லாவில் இருந்து எழுந்து வந்துவிட்டார்.

ஆனால் தமிழ்ப்படம் என்பது வேறு விஷயம். ஆறு நாள் ஆபீசிலும் பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் நாக்கை அடக்கி, யோசித்து யோசித்துப் பேசுகிறவனுக்கு, மூன்று மணி நேரம் தமிழ் அவன்மேல் மழையாகக் கொட்டும். ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் தமிழில் சிரிப்பார்கள், தமிழில் திட்டுவார்கள். இடைவேளையில் நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்தால் ஒருவர் வாணியம்பாடி, ஒருவர் தர்மபுரி, ஒருவர் நம் பக்கத்துக் கிராமம். எனக்குப் பெண் அமைந்ததே அப்படி ஒரு இடைவேளையில்தான். என் மாமனார் பின்னி மில் தொழிலாளி. கையில் சோடாவுடன் நின்று, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று ஆரம்பித்தார். மீதியை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆபரேட்டர் அண்ணன்

எனக்கு அந்த வட்டாரத்தில் ஒரு ஆபரேட்டர் பழக்கம். குடியாத்தத்துக்காரர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். கொட்டகையின் பெயரும் அவர் பெயரும் இங்கே வேண்டாம். காரணம் பின்னால் தெரியும். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை "கணக்கு" என்பார்.

"என்ன கணக்கு, மேலே வா. காத்தாட உக்காரலாம்" என்பார். காற்றாவது! புரொஜெக்டர் அறை கொல்லன் பட்டறை மாதிரி இருக்கும். அப்போது கார்பன் குச்சிகள்தான் வெளிச்சம். இரண்டு குச்சிகளின் நுனிக்கும் இடையே மின்சாரம் பாய்ந்து எரியும். எரிய எரியக் குச்சி குறையும். இடைவெளியை அவர் அவ்வப்போது சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், கீழே விசில் கிளம்பும். ஒரு ரீல் இருபது நிமிஷம்தான் வரும். அது முடியும் தறுவாயில் திரையின் மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி தோன்றி மறையும். முதல் புள்ளிக்கு இரண்டாவது மிஷினை ஓடவிட வேண்டும். அடுத்த புள்ளிக்கு வெளிச்சத்தை மாற்றவேண்டும். கீழே உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கும் மாறியதே தெரியக்கூடாது. முப்பத்தெட்டு வருஷம் அவர் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகி முகத்தைப் பார்த்தாரா என்று கேட்டால், "யாரு பார்த்தா? மூலையைத்தான் பார்த்தேன்" என்பார்.

ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகைகளில் ஓட்டும் நாட்களும் உண்டு. இங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பையன் அடுத்த கொட்டகைக்குப் பறப்பான். வழியில் சைக்கிள் பஞ்சர் ஆனால், திரையில் அரசாங்க நியூஸ் ரீல் இரண்டாம் தடவையாக ஓடும். பீகார் வெள்ளத்தை நான் ஒரே நாளில் இருமுறை பார்த்திருக்கிறேன்.

1991 டிசம்பர்

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. ஏராளமானோர் கிடைத்த ரயிலிலும் லாரியிலும் ஏறி ஊருக்குப் போனார்கள். மனைவியின் தங்கைக்குப் பிரசவம் என்று என் மனைவியும் குழந்தைகளும் முன்பே ஊருக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் இருந்தேன்.

12ஆம் தேதி மாலை கடையை அவசரமாக மூடிவிட்டோம். பஸ் இல்லை. ஸ்ரீராமபுரம் போகும் வழியில் கும்பல் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரே இடம் அண்ணனின் கொட்டகை. பின்பக்கக் கதவைத் தட்டினேன். மானேஜரே வந்து திறந்தார். மண்டியாக்காரர். காவிரித் தண்ணீர் பாயும் ஊர். அவர் குடும்பத்துக்கு அங்கே கரும்பு வயல். என்னை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியாது. அண்ணனிடம் வந்துபோகிறவன் என்பது மட்டும் தெரியும்.

"ஊட்டா ஆய்த்தா?" என்றார். சாப்பாடு ஆயிற்றா என்று. அவ்வளவுதான் கேட்டார்.

உள்ளே போனால் எனக்கு முன்பே பதினைந்து பேர் இருந்தார்கள். சோடாக்காரர், சைக்கிள் ஸ்டாண்டு பையன், பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்த சேலத்துக்காரர்கள் இரண்டு பேர். எல்லோரையும் திரைக்குப் பின்னால், ஒலிபெருக்கி நிற்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். விளக்குக் கிடையாது. வெளியே சத்தம் கேட்கும்போதெல்லாம் சைக்கிள் ஸ்டாண்டு பையன் என் கையைப் பிடித்துக்கொள்வான். மானேஜர் முன் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு தடவை கும்பல் வந்து கேட்டை ஆட்டியது. அவர் கன்னடத்தில் சத்தமாகப் பேசியது கேட்டது. உள்ளே யாருமில்லை, படம் ரத்து, போங்கள் என்றார். போய்விட்டார்கள்.

இரண்டு இரவு அப்படியே. மறுநாள் அவர் வீட்டிலிருந்து தூக்கில் ராகிக் களியும் சாறும் வந்தது. அண்ணன் களியை உருட்டி விழுங்கிவிட்டு, "நம்ம ஊருக் களிதான் கணக்கு, உப்புதான் கொஞ்சம் கம்மி" என்று என் காதில் சொன்னார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு 2000ஆம் ஆண்டு ஜூலையில் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியபோது, 108 நாட்கள், நகரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் போகிற கொட்டகைகளில் தமிழ்ப்படத் தட்டி ஒன்றைக்கூடப் பார்க்க முடியவில்லை. அவர் பத்திரமாகத் திரும்பவேண்டும் என்று ஸ்ரீராமபுரத்தில் தமிழ்ப் பெண்கள் கோயிலில் விளக்குப் போட்டார்கள். பயத்தால் மட்டும் போட்டார்கள் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஒவ்வொன்றாக

கொட்டகைகளைக் கலவரம் மூடவில்லை. 1981ல் பெங்களூர் தூர்தர்ஷன் வந்தது. பின்னாலேயே வீடியோ காசெட் வந்தது. ஒரு ராத்திரிக்கு வாடகை எடுத்து, தெருவே உட்கார்ந்து மூன்று படம் பார்த்தார்கள். 1993ல் சன் டி.வி. தொடங்கி, கேபிள் வழியாகத் தமிழ் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. தமிழ் கேட்பதற்காகக் கொட்டகைக்குப் போகவேண்டிய அவசியம் அன்றோடு போயிற்று. பின்னி மில் மூடியதும், ஷிப்ட் முடிந்து இரண்டாம் ஆட்டத்துக்கு வரும் கூட்டமும் இல்லாமற் போயிற்று. 2004ல் கோரமங்கலா ஃபோரத்தில் ஒரே கூரையின் கீழ் 11 திரைகள் வந்தன.

முதலாளிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆயிரம் நாற்காலி போட்ட இடத்தில் காலைக் காட்சிக்கு நாற்பது பேர். ஏர்கண்டிஷனை நிறுத்தினால் அந்த நாற்பது பேரும் வரமாட்டார்கள். காந்தி நகரில் நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. கடைகளாகக் கட்டி வாடகைக்கு விட்டால் வீட்டில் உட்கார்ந்தபடி சம்பாதிக்கலாம். எந்த வியாபாரி கொட்டகை நடத்துவான்?

1936ல் பிறந்த பிளாசா 2005ல் மூடியது. அது நின்ற இடத்தில்தான் எம்.ஜி. ரோடு மெட்ரோ ஸ்டேஷன் வந்தது. 2011ல் பெங்களூரின் முதல் மெட்ரோ அங்கிருந்துதான் ஓடியது. கபாலி 2017ல் போயிற்று. ரெக்ஸ் 2018 டிசம்பர் கடைசி நாளோடு முடிந்தது. சதாசிவ நகரில் 1974ல் திறந்த காவேரி, பெயரில் என்ன ராசியோ, எத்தனையோ கலவரங்களைத் தாண்டி நின்றுவிட்டு, 2024ல் இடிபட்டது.

ஒரு எழுத்து

அண்ணன் வேலை பார்த்த கொட்டகை 2003ல் மூடியது. அவருக்கு அப்போது 59 வயது. பழைய மானேஜர் ஓய்வுபெற்று மண்டியாவுக்குப் போய்விட்டிருந்தார். முதலாளியின் மகன் எல்லோரையும் கூப்பிட்டு, ஆளுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய், வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். பலர் போட்டுவிட்டார்கள். அண்ணன் பேனாவைக் கையில் வாங்கிவிட்டு, "ஒருத்தரைக் கேட்டுட்டு வரேன்" என்று நேராக என்னிடம் வந்தார்.

நான் வருஷக்கணக்காகக் கடை ஆட்களின் பி.எப். கணக்கு எழுதியவன். சினிமாக் கொட்டகையில் ஐந்து பேர் வேலை செய்தாலே பி.எப்., கிராஜுவிட்டி உண்டு என்று 1981லேயே மத்திய சட்டம் வந்துவிட்டது. கொட்டகையில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் அது தெரியாது. கடைசிச் சம்பளம் 3,200 ரூபாய். 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 38 வருஷத்துக்குப் போட்டால் எழுபதாயிரத்துச் சொச்சம் வந்தது. அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என் பணமா, கணக்கு?" என்றார்.

தொழிலாளர் ஆபீசுக்கு ஏழு தடவை போனோம். கடைசியில் அறுபதாயிரம், மூன்று தவணையாக வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அவர்களில் சைக்கிள் ஸ்டாண்டு பையனும் ஒருவன். அதற்குள் அவனுக்கு நாற்பது வயது. அவன் ஏன் என்னிடம் முதலிலேயே வரவில்லை, நான் ஏன் தேடிப்போய்ச் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

பென்ஷன்தான் பெரும்பாடு. 1987லிருந்துதான் பி.எப். பிடித்திருந்தார்கள். முதல் இருபத்திரண்டு வருஷம் காற்றில் போயிற்று. போதாததற்கு ரிஜிஸ்தரில் அண்ணன் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்த ஒரு எழுத்துக்காக இரண்டு வருஷம் அலைந்தோம். மண்டியாவுக்குப் போய் மானேஜரைப் பார்த்தோம். எண்பதை நெருங்கிய மனிதர், கை நடுங்க, "இவர்தான் அவர்" என்று கன்னடத்தில் ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சாப்பிட வைத்து அனுப்பினார். பென்ஷன் வந்தது. சில நூறு ரூபாய்தான். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். அண்ணனுக்கு அது இரண்டு வருஷம்தான் கிடைத்தது. 2016ல் காலமானார். இப்போது அண்ணிக்கு வருகிறது.

வருஷத்துக்கு ஒரு தடவை, உயிரோடு இருக்கிறேன் என்று அண்ணி பாங்கில் கைரேகை வைக்கவேண்டும். நான்தான் கூட்டிப்போகிறேன். சென்ற தடவை வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது கெம்பேகௌடா ரோடு வழியாக வந்தோம். கண்டக்டர், "மெஜஸ்டிக், மெஜஸ்டிக், இளிரி" என்று கத்தினார். அண்ணி ஜன்னல் வழியாக ஒரு கடைக்கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே செல்போன் கடை, மேலே லாட்ஜ்.

"அந்த மூணாவது மாடி ஜன்னல் உயரத்துலதானே தம்பி அவர் ரூம்பு இருந்துச்சு?"

"ஆமா அண்ணி. அங்கேதான்."

"கல்யாணமான புதுசுல ஒருநாள் மேலே கூட்டிட்டுப் போனாரு. சின்ன ஓட்டை வழியா படம் காட்டினாரு. ஒரே சூடு. அஞ்சு நிமிஷத்துல இறங்கிட்டேன்" என்றார்.

பஸ் நின்றது. இருவரும் இறங்கி, ஸ்ரீராமபுரம் பஸ் நிற்கும் பிளாட்பாரத்துக்கு நடந்தோம்.